ஆறு மணி ஆகாத புதன்கிழமை

பிள்ளைக்காக நாங்கள் கடைசியாக உபவாசம் இருந்த நாளில் என் வீட்டுக்காரர் என் கண்ணெதிரே சாகக் கிடந்தார். சபையில் வாசிக்கச் சாட்சி எழுதித் தரச் சொன்னீர்கள். இதிலிருந்துதான் தொடங்க முடியும். நன்றியிலிருந்து தொடங்க எனக்கு இன்னும் மனசு வரவில்லை.

பள்ளுருத்தி சபையில் எங்களைத் தெரியாதவர்கள் குறைவு. கொச்சி மட்டாஞ்சேரியில், யூதர் தெருவான ஜூ டவுனுக்குப் பின்னால் உள்ள சந்தில், மூன்று அறைகளை ஊர் சுற்ற வருகிற வெளிநாட்டுக்காரர்களுக்கு வாடகைக்கு விடுகிற செல்வினும் சீலியும். கல்யாணமாகிப் பதினோரு வருடம், குழந்தை இல்லை. இந்த இரண்டையும் சேர்த்துச் சொல்வதுதான் உங்கள் வழக்கம், அதனால் நானும் சேர்த்தே சொல்லிவிட்டேன்.

போன வருடம் எர்ணாகுளத்து டாக்டரம்மா, இனி சிகிச்சை என்று உடம்பைப் போட்டு வதைக்க வேண்டாம் என்று சொல்லி அனுப்பிவிட்டார். அப்புறம் மழைக்காலம் வந்தது, அறைகள் காலியாகக் கிடந்தன. எத்தனையோ பேர் முதுகில் பையோடு வந்து நம் வீட்டில் தங்கிப் போகிறார்களே, நாமும் அப்படி ஒரு தடவை போனால் என்ன என்று இவர்தான் கேட்டார். எர்ணாகுளத்தில் பிராட்வே கடைத்தெருவில் ஆளுக்கொரு பை வாங்கினோம். பிள்ளை குட்டி இருந்தால் இப்படி ஊர் சுற்றத் தோன்றுமா என்று சபையில் ஒரு பேச்சு. என் காதில் விழட்டும் என்றுதான் பேசினார்கள். விழுந்தது.

மலேசியா, பிறகு தாய்லாந்து. மலிவான விடுதி, கிடைத்த சாப்பாடு, நிறைய நடை. பல வருடங்களுக்குப் பிறகு நாங்கள் சும்மா சிரித்துப் பேசிக்கொண்டிருந்தோம். அப்போதுதான் பாஸ்டரம்மாவின் போன் வந்தது. வருகிற புதன்கிழமை சபை முழுக்க எங்களுக்காக உபவாசம் இருக்கிறதாம், நாங்களும் அங்கிருந்தே கலந்துகொள்ள வேண்டுமாம்.

அந்தப் புதன்கிழமைதான் எங்களுக்கு ஜார்ஜியாவுக்குப் பயணம். நாள் முழுக்க அலைச்சல், இவருக்கோ சுகர் இருக்கிறது, இந்த ஒரு தடவை எங்களை விட்டுவிடுங்கள் என்று சொன்னேன். இவர் போனை என் கையிலிருந்து வாங்கி, இருக்கிறோம் அம்மா என்றார். மாத்திரை மட்டும் போடலாமா என்று கேட்டார். மருந்து ஆகாரம் ஆகாது, தண்ணீரோடு போட்டுக்கொள்ளலாம் என்று பதில் வந்தது. நம் சபையில் இது வெகுநாள் வழக்கம். உபவாச நாளில் சாயங்காலம் ஆறு மணி வரை சாயா கூடாது, கஞ்சி கூடாது, மாத்திரைக்கு மட்டும் தடையில்லை. வீட்டில் இருக்கும்போது இவர் மத்தியானம் படுத்துவிடுவார், எப்படியோ பொழுது போய்விடும். ஆனால் டாக்டர் வேறு மாத்திரைக்கு மாற்றியது சமீபத்தில்தான். அதைப் பற்றி யாரும் யோசிக்கவில்லை.

விடிவதற்கு முன்னே வேன் வந்தது. இவர் மாத்திரையைப் போட்டுக்கொண்டு ஏறினார். ஒரு சின்ன விமானத்தில் பாங்காக். அங்கே ஒரு கோடியிலிருந்து இன்னொரு கோடி வரை நடை. எனக்கு இடுப்பு வலி என்று என் பையையும் இவரே சுமந்தார். எந்தப் பக்கம் திரும்பினாலும் சாப்பாட்டுக் கடை, வறுத்த பூண்டு வாசனை. பசியில் எனக்கு எரிச்சல் எரிச்சலாக வந்தது. இவர் மட்டும் சாந்தமாக உதட்டுக்குள் ஜெபித்துக்கொண்டிருந்தார்.

மத்தியானத்துக்குமேல் வளைகுடா போகிற விமானம். அங்கே இறங்கி ஜார்ஜியாவுக்கு மாற வேண்டும். ஜன்னலோரம் நான், நடுவில் இவர், மறுபக்கம் மடியில் குழந்தையோடு ஒரு அரபுப் பெண். குழந்தைக்கு இரண்டு வயது இருக்கும். பொம்மையை எறிவதும் அழுவதுமாக இருந்தது. கொஞ்ச நேரம் பிடித்துக்கொள்ள முடியுமா என்று அவள் ஜாடையில் கேட்டபோது நான் தூங்குவதுபோலக் கண்ணை மூடிக்கொண்டேன். பிள்ளை இல்லாதவள் என்றால் யார் பிள்ளையைக் கண்டாலும் வாரி எடுத்துக் கொஞ்ச வேண்டும் என்று நினைக்கிறீர்கள். எனக்கு அப்படி வராது.

விமானம் மேற்கே போகிறது. ஜன்னலில் வெயில் இறங்கவே இல்லை. கைக்கடிகாரத்தை நான் கொச்சி நேரத்திலேயே வைத்திருந்தேன். அதில் ஆறு தாண்டிவிட்டது.

"பள்ளுருத்தியில எல்லாரும் கஞ்சி குடிச்சிட்டு வீட்டுக்கே போயிருப்பாங்க. நீங்க எதையாவது சாப்பிடுங்க" என்றேன்.

"நாம இருக்கிற இடத்துல ஆறு மணி ஆகணும் சீலி. இத்தன வருஷமா நாம எங்கயோ ஒரு குறை வச்சிருக்கோம், அதான் தரல. இன்னிக்கு வைக்க வேண்டாம்."

பதினோரு வருடமாக உங்கள் நடுவில் உட்கார்ந்து அவர் கற்றுக்கொண்டது அதுதான். கேட்டது கிடைக்கவில்லை என்றால் கேட்டவனிடம் கோளாறு. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. என்னவோ செய்யுங்கள் என்று ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

கொஞ்ச நேரத்தில் என் கைமேல் ஈரம் பட்டது. திரும்பினால் இவர் சட்டை தொப்பலாக நனைந்திருக்கிறது. உள்ளே அவ்வளவு குளிர். வீட்டுச் சாவியை யாரிடம் கொடுத்தாய் என்று என்னைக் கேட்டார். திரும்பத் திரும்ப அதையே கேட்டார். பிறகு அதுவும் நின்றது. கை நடுங்குகிறது, கண் எங்கேயோ பார்க்கிறது. கூப்பிட்டால் பதில் இல்லை. மாரடைப்பு என்றுதான் நினைத்தேன். பணிப்பெண்ணைக் கூப்பிடுகிற பொத்தான் எது என்றுகூட எனக்குத் தெரியவில்லை. கத்தினேன்.

அப்போது நான் ஜெபித்தேன். சபையில் ஜெபிக்கிற மாதிரி அழகான வார்த்தைகள் ஒன்றும் இல்லை.

"பிள்ளை வேண்டாம் ஆண்டவரே. கேட்டதையெல்லாம் திருப்பி எடுத்துக்கிறேன். இவரை மட்டும் விட்டுடும்."

அவ்வளவுதான். வாய்விட்டுச் சொன்னேன். அந்த அரபுப் பெண்ணுக்குத் தமிழ் தெரியாது. அவள் இவர் நெற்றியைத் தொட்டுப் பார்த்தாள், என்னைப் பார்த்து "சுகர்? சுகர்?" என்றாள். நான் தலையாட்டினேன். குழந்தை குடித்துக்கொண்டிருந்த ஜூஸ் டப்பாவை அவள் வெடுக்கென்று பிடுங்கி, அந்தக் குழாயை இவர் வாயில் வைத்தாள். குழந்தை வீறிட்டது. அவள் அதைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. இவர் கன்னத்தைத் தட்டித் தட்டி அவள் பாஷையில் என்னவோ சொன்னாள். இவர் உறிஞ்சினார். தொண்டை அசைந்ததை நான் பார்த்தேன். பணிப்பெண்கள் சர்க்கரைப் பொட்டலங்களோடு ஓடி வருவதற்குள் டப்பா காலி.

கொஞ்சம் கொஞ்சமாக இவர் கண்ணில் ஆள் வந்தது. முதலில் கேட்டது என்ன தெரியுமா?

"ஆறு மணி ஆச்சா?"

"ஆச்சு" என்றேன். வெயில் அவர் முகத்தில்தான் அடித்துக்கொண்டிருந்தது.

இறங்கியதும் விமான நிலைய டாக்டரிடம் கூட்டிப்போனார்கள். அவர் நம் கொல்லத்துக்காரர். இந்த மாத்திரையைப் போட்டுவிட்டுச் சாப்பிடாமல் இருந்தால் ஆள் போய்விடுவான், இதை உங்களுக்கு யாரும் சொல்லவில்லையா என்று மலையாளத்தில் திட்டினார். நான் வாங்கிக்கட்டிக்கொண்டேன். அரபுப் பெண் போய்விட்டாள். அவள் பெயர்கூட எனக்குத் தெரியாது. அவளுக்கு நன்றி சொல்லக்கூட எனக்கு அப்போது தோன்றவில்லை.

சந்தோஷமாக இருந்தேனா? இல்லை. எனக்குக் கோபம்தான் வந்தது. வருடக்கணக்காக முழங்கால் தேயக் கேட்டதற்குப் பதில் இல்லை. அதை விட்டுத்தருகிறேன் என்றதும் உடனே பதில். இப்படித்தான் தருவீரா என்று அந்த டாக்டர் அறை வாசலில் நின்று ஆண்டவரிடம் சண்டை போட்டேன். அழுதேன். ஆனால் உள்ளே கட்டிலில் இவர் ரொட்டி தின்றுகொண்டிருந்தார். வாயெல்லாம் ஜாம். அதைப் பார்த்த பிறகு எனக்கு மேற்கொண்டு சண்டை போட வரவில்லை. ஸ்தோத்திரம் என்று ஒரே ஒரு வார்த்தை சொன்னேன். அது மனதார வந்தது.

மறுநாள் ஜார்ஜியா போனோம். அங்கே வைத்துத்தான் நான் ஜெபித்தது என்ன என்று இவரிடம் சொன்னேன்.

"உனக்கு நான் மட்டும் போதுமா?" என்று கேட்டார்.

"போதும்னுதான் கேட்டு வாங்கிருக்கேன்" என்றேன்.

அதன் பிறகு அவர் குறை தேடுவதை நிறுத்திவிட்டார். இப்போது நேரத்துக்குச் சாப்பிடுகிறார், நேரத்துக்குத் தூங்குகிறார். எங்களுக்குள் இருந்த ஒரு பாரம் இறங்கிவிட்டது. இது கர்த்தர் செய்தது, இதை நான் மறைக்க மாட்டேன்.

ஆனால் திரும்பி வந்த முதல் ஞாயிறே பாஸ்டரம்மா என் தலையில் கைவைத்து, விசுவாசம் சோதிக்கப்பட்டது மகளே, அடுத்த வருஷம் தொட்டில் ஆடும் என்றார். அதனால்தான் இதை எழுதுகிறேன்.

என் சகோதர சகோதரிகளே, அவர் கேட்கிறவர், நான் கண்டேன். நீங்களும் நம்பிக் கேளுங்கள். சுகர் இருக்கிறவர்கள் சாப்பிட்டுவிட்டுக் கேளுங்கள், அவர் கோபித்துக்கொள்ள மாட்டார். எங்களுக்காக மட்டும் இனி அந்த ஜெபம் வேண்டாம். நான் திருப்பிக் கொடுத்ததை நீங்கள் போய் எனக்காக மறுபடி கேட்காதீர்கள். ஞாயிறுதோறும் நாங்கள் இரண்டு பேர் வருவோம். இரண்டு பேரும் வந்திருக்கிறார்களே என்று ஸ்தோத்திரம் சொல்லுங்கள்.