தலைவாழை இலையும் அமெரிக்க அதிபரின் கடிதமும்

போன தை மாதம் ஒரு வெள்ளிக்கிழமை நான் திருச்சி போனது ஊர் சுற்ற அல்ல. தொட்டியத்தில் எனக்கு வாழை இலை வியாபாரம். ஸ்ரீரங்கத்துக் கல்யாண சமையல் கான்ட்ராக்டர் சம்பத் எட்டு வருட வாடிக்கை. ஒரு கல்யாணத்துக்கு மூன்று பந்திக்கும் நுனியோடு கூடிய தலைவாழை இலைதான் வேண்டும் என்றார். நுனியை வெட்டியதும் மிஞ்சும் நுனியில்லாத துண்டு இலைகளை, அதாவது ஏட்டை, யார் தலையில் கட்டுவது? ‘முடியாது. ஏட்டை நீங்களா மென்று தின்பீர்கள்?’ என்று எழுதி வேன் டிரைவரிடம் கொடுத்துவிட்டேன். அன்றிலிருந்து அவர் போனை எடுக்கவில்லை. கல்யாணத்துக்குப் பத்து நாள். வாடிக்கை போய்விடும் போலிருந்தது.

காலை 7.10 பஸ். சத்திரம் பேருந்து நிலையம் சுமார் 50 கி.மீ., டிக்கெட் 45 ரூபாய். இறங்கும்போது 8.50. சம்பத் பதினொன்றுக்குத்தான் வீட்டில் இருப்பார். பக்கத்து மண்டபத்தில் ‘அமெரிக்காவின் ஆரம்பகால அதிபர் ஒருவரின் அலுவலகக் கடிதங்கள்: நகல் கண்காட்சி, அனுமதி இலவசம்’ என்று போர்டு. ஏ.சி. இருந்தது, நுழைந்தேன்.

கடிதங்களுக்குக் கீழே தமிழில் மொழிபெயர்ப்பு ஒட்டியிருந்தார்கள். ஒன்றில், வேலை கேட்டவருக்குப் பதில். முடிவில் ‘தங்கள் பணிவுமிக்க ஊழியன்’ என்று அதிபரின் கையெழுத்து.

பள்ளிப் பிள்ளைகளைக் கூட்டி வந்திருந்த டீச்சரிடம், “வேலை குடுத்துட்டாருங்களா?” என்றேன்.

“இல்லைன்னுதாங்க எழுதியிருக்காரு. அந்தக் காலத்துல யாருக்கு எழுதினாலும் இப்படித்தான் முடிப்பாங்க.”

நாட்டையே ஆண்ட மனுஷன், இல்லை என்று சொல்லிவிட்டு ஊழியன் என்று கையெழுத்துப் போடுகிறார். நான் இலை விற்கிறவன், என்ன ஆட்டம் ஆடியிருக்கிறேன். வாசலில் கொடுத்த கண்காட்சி நோட்டீஸின் பின்பக்கத்திலேயே சம்பத்துக்கு எழுதினேன்: ‘முதல் பந்திக்கு மட்டுமே தலைவாழை இலை தர இயலும். தங்கள் பணிவுமிக்க ஊழியன்.’

ஸ்ரீரங்கம் 6 கி.மீ., டவுன் பஸ் 10 ரூபாய். சம்பத் வாசலிலேயே நின்று படித்தார். இரண்டு தடவை படித்தார்.

“அடியேன்னு சொல்லிண்டே துளிகூட விட்டுக்கொடுக்காம இருக்கறது எங்காத்து வித்தையாச்சே. நீர் எங்கே கத்துண்டீர் ஓய்?”

“அமெரிக்காவுலங்க சாமி.”

சிரித்துவிட்டார். காபி வந்தது. முதல் பந்திக்கு மட்டும் என்று பேசி முடித்து, 1.15 பஸ்ஸில் ஊர் திரும்பினேன்.

போகிறவர்களுக்கு: தொட்டியத்திலிருந்து நேரே ஸ்ரீரங்கம் போகிறவர்கள் சத்திரம் வரை போக வேண்டாம், வழியில் டோல்கேட்டிலேயே இறங்கி பஸ் மாறினால் நேரம் மிச்சம். சமையல்காரர்களைப் பார்ப்பதானால் பதினொன்றுக்கு முன் போகாதீர்கள். முடியாது என்று எழுத வேண்டி வந்தால் கடைசி வரியைப் பணிவாக முடியுங்கள். ஆனால் அந்த வித்தையை ஸ்ரீரங்கத்துக்காரரிடம் காட்டாதீர்கள். மறுநாள் காலை சம்பத் வாட்ஸ்அப்பில் அனுப்பியிருந்தார்: ‘மூன்று பந்திக்கும் தலைவாழை இலையே அனுப்பவும். அடியேன் சம்பத்.’

மூன்று பந்திக்கும்தான் அனுப்பினேன். ஒரு வாரம் எங்கள் வீட்டில் எல்லோரும் ஏட்டில்தான் சாப்பிட்டோம்.