இடப்பக்கத்து நாற்காலி

கட்டுக்கதை கேட்க வந்தவர்கள் இங்கேயே எழுந்து போகலாம். இது என் பெரியப்பா மகளுக்கு நடந்தது. அக்காவுக்குப் பொய் சொல்ல வராது. பொறாமைப்பட நன்றாக வரும். அதையும் மறைக்காமல்தான் என்னிடம் சொன்னாள்.

அக்காவும் அவள் தங்கையும் இசையமைப்பவர்கள். ஒரே படத்துக்கு இருவரும் மெட்டு அனுப்பினார்கள். இயக்குநருக்குப் பிடித்தது சின்னவளுடையது. போதாக்குறைக்கு, அதன் ஒலி அளவுகளைச் சரிசெய்து மிக்ஸ் செய்து கொடுக்கும் வேலை அக்கா தலையில் விழுந்தது. சாயங்காலம் ஐந்து மணிக்கு இயக்குநர் கேட்பார். கேட்டுப் பிடித்தால்தான் வாய்ப்பு உறுதி.

"நீ பண்ணாத்தான்க்கா நல்லா இருக்கும்," என்றாள் தங்கை. வெந்த புண்ணில் வேல்!

தங்கையின் மெட்டில் நிஜ வாத்தியம் ஒன்றுகூடக் கிடையாது. எல்லாம் சாம்பிள். எங்கோ ஒரு மண்டபத்தில் செல்லோ என்கிற பெரிய வயலினை வாசிக்கிற ஒருத்தி ஒவ்வொரு சுரமாக வாசித்துக் கொடுத்தது. விலைக்கு வாங்கிக் கணினியில் கோத்துக்கொள்ள வேண்டியதுதான். இருவரிடமும் இருந்தது ஒரே தொகுப்பு. அக்கா கோத்தால் அது அலாரம் மாதிரி அடிக்கும். தங்கை கோத்தால் அழும். அக்காவுக்கு வயிறு பற்றி எரிந்தது.

பகல் 2.10. ஜன்னல் இல்லாத அறை. கதவைச் சாத்தியிருந்தாள். திரையில் செல்லோவின் ஒலி அளவை ஒரே ஒரு டெசிபல் இறக்கினாள். யாருக்குத் தெரியப் போகிறது?

கிறீச்...

நாற்காலி அசைகிற சத்தம். பதிவின்போது வாசிப்பவர் அசைந்தால் சாம்பிளில் அதுவும் விழும். அவள் கண்டுகொள்ளவில்லை.

2.24. மறுபடி கேட்டாள். செல்லோ ரொம்பவே அமுங்கியிருந்தது. பார்த்தால், மூன்று டெசிபல் இறங்கியிருக்கிறது. கை தவறியிருக்கும் என்று நினைத்தாள். ஆனாலும் ஏற்றவில்லை. உள்ளுக்குள் குளிர்ந்ததாம்... பாவி, அவளே சொன்னாள்.

2.31. கிறீச்...

ஆறு டெசிபல். மவுஸ் மேஜையில் இருந்தது. அவள் இரண்டு கையும் மடியில் இருந்தன.

ஏற்றினாள். இறங்கியது.

மறுபடி ஏற்றினாள். இன்னும் இறங்கியது.

2.40. செல்லோவே காணோம். இப்படி அனுப்பினால் தங்கையின் வாய்ப்பு போச்சு. அப்போதுதான் அக்காவுக்கு உறைத்தது. அவள் ஆசைப்பட்டதைத்தான் யாரோ செய்துகொண்டிருந்தார்கள்.

பாட்டை நிறுத்தினாள்.

கிறீச்...

நிறுத்திய பிறகு.

ஹெட்ஃபோனில், இடது காதில்... மூச்சு.

"வேணாம்! அவ என் தங்கச்சி!"

மூச்சு நின்றது.

2.41. செல்லோவின் அளவு தானாக ஏறியது... மெதுவாக... பழைய இடத்துக்கே வந்து நின்றது.

அக்கா திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. அப்படியே அனுப்பிவிட்டு வாசலுக்கு ஓடினாள்.

5.20க்குத் தங்கை கூப்பிட்டாள்.

"ஓகே ஆயிடுச்சுக்கா! ஆனா என்கிட்ட சொல்லாம ரெண்டாவது செல்லோ ஏன் சேர்த்தே?"

"ரெண்டாவதா? நான் எதையும் சேர்க்கலடி."

"சும்மா இரு அக்கா. இடப்பக்கம் கேக்குதே! அதைத்தான் அவரு தூக்கி வச்சுப் பேசினாரு. என்னோடதைப் பத்தி ஒரு வார்த்தை இல்ல."

குரலில் எரிச்சல். அக்காவுக்கு அந்த எரிச்சல் நன்றாகத் தெரிந்ததுதான்.

மறுநாள் அந்தத் தொகுப்பைத் தயாரித்தவர்களுக்கு எழுதினாள். நாற்காலிச் சத்தம் ஏன் வருகிறது என்று மட்டும் கேட்டாள். நான்காம் நாள் பதில் வந்தது. அதை நானும் படித்தேன்.

'மன்னிக்கவும். அந்தச் சத்தத்தை எங்களால் நீக்க முடியவில்லை. அக்காவும் தங்கையுமாக இருவர் தேர்வுக்கு வந்து செல்லோ வாசித்துக் காட்டினார்கள். தங்கையைத் தேர்ந்தெடுத்தோம். பதிவுக்கு ஒரு வாரம் முன்பு அக்கா இறந்துவிட்டார். தங்கை கேட்டுக்கொண்டதால், இடப்பக்கம் அக்காவுக்கும் ஒரு நாற்காலி போட்டிருந்தோம். பதிவு நடந்த மூன்று நாளும் அது காலியாகத்தான் இருந்தது. சத்தம் அதிலிருந்துதான் வருகிறது.'