முன்சக்கரத்து ஈயம்

டயர் கடையில் எல்லோரும் அவளைப் பேலன்ஸ் அக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். சக்கரத்தை மெஷினில் மாட்டிச் சுழலவிட்டு, எந்தப் பக்கம் எடை குறைகிறதோ அந்தப் பக்கம் ஈயக்கட்டி ஒட்டுவது அவள் வேலை. கை அத்தனை நேர்த்தி, வாய்தான் கொஞ்சம் நீளம். கட்டியைக் கோணலாக ஒட்டியிருப்பதைப் பார்த்துவிட்டால் போதும், ஒட்டியவனின் ஏழு தலைமுறையையும் இழுத்துவிடுவாள். பின்னால் பசை தடவிய அந்த ஈயப்பட்டைகள் அவள் பாக்கெட்டில் எப்போதும் கிடக்கும். வாஷிங் மெஷினுக்குள் அவை கடகடவென்று உருளும்போதெல்லாம் புருஷன் தலையில் அடித்துக்கொள்வார்.

அவளுக்கு ஒரு பைத்தியம் உண்டு. பாறை ஏறும் ரிமோட் கார். வேகமெல்லாம் இதில் கிடையாது. ஆமை மாதிரி கல்லுக்குக் கல் தொற்றி ஏற வேண்டும், கவிழக் கூடாது, அவ்வளவுதான் ஆட்டம். ஞாயிற்றுக்கிழமை ஆனால் மூடிக்கிடக்கும் கல்குவாரிக்குக் கிளம்பிவிடுவாள். தையல்கடைக்காரரான புருஷன் பையைத் தூக்கிக்கொண்டு பின்னாலேயே வருவார். துணித்தூசியிலேயே காலம் போனதில் அவருக்கு மூச்சிரைப்பு. இன்ஹேலர் இல்லாமல் வாசல்படி தாண்ட மாட்டார். அது அந்தப் பையில்தான் இருக்கும்.

அன்று காலையிலேயே வீட்டில் சண்டை. எதற்கு என்பது குவாரி வருவதற்குள் இரண்டு பேருக்குமே மறந்துவிட்டது. கோபம் மட்டும் மிச்சமிருந்தது. அந்த நேரம் பார்த்து அவள் கார் கற்குவியலின் உச்சியில் கவிழ்ந்து தொலைத்தது.

"மரம் மாதிரி நிக்கறதுக்கு, போய் அதை எடுத்துட்டு வாங்களேன். ஒரு வேலையாவது உருப்படியா செய்யுங்க."

அவர் பையைக் கீழே வைத்துவிட்டு ஏறினார். மேலே போய்க் குனிவது தெரிந்தது. அப்புறம் கற்கள் சரிகிற சத்தம்தான். தூசி அடங்கியபோது ஒரு பெரிய கல்லுக்குப் பின்னால் அவர் தலையும் ஒரு கையும் மட்டும் தெரிந்தன.

"கால் மாட்டிக்கிச்சு!" என்று கத்தினார். கூடவே இருமல்.

அவளோடு ரிமோட் வண்டி ஓட்ட வரும் பேக்கரிக்காரர் பாய்ந்து இரண்டடி ஏறினார். குவியல் மொத்தமும் நகர்ந்தது. மேலே புருஷன் அலறினார். பேக்கரிக்காரர் அப்படியே பின்வாங்கினார். தீயணைப்பு வண்டிக்குச் சொல்லியாகிவிட்டது, ஆனால் அது ஊரைத் தாண்டி வர வேண்டும். அதற்குள் புருஷனின் மூச்சு விசிலடிக்கிற சத்தம் கீழே வரைக்கும் கேட்க ஆரம்பித்தது.

"இன்ஹேலரைத் தூக்கிப் போட்டுரலாமாம்மா?" என்றார் பேக்கரிக்காரர்.

"கல்லிடுக்குல விழுந்துச்சுன்னா? இருக்கறது ஒண்ணுதான். உங்க வண்டியக் குடுங்கண்ணே."

அந்த வண்டி பாரம் எதுவும் ஒட்டாமல் வெறும் சக்கரத்தில் ஓடுவது. எடை சேர்த்தால் மோட்டார் சூடாகிவிடும் என்பது பேக்கரிக்காரரின் கட்சி, எடை இல்லாவிட்டால் சக்கரம் கல்லைக் கவ்வாது என்பது அவள் கட்சி. அவள் அதைக் கவிழ்த்துப் போட்டு, சக்கரங்களின் உள்குழியில் சானிடைசர் ஊற்றித் துடைத்தாள். தூசி இருந்தால் பசை பிடிக்காது. பாக்கெட்டில் கிடந்த ஈயப்பட்டைகளைப் பிய்த்து நான்கு சக்கரத்துக்கும் ஒரே அளவு, சுற்றிலும் ஒரே இடைவெளி விட்டு ஒட்டினாள். இன்ஹேலரைத் தலைமுடி ரப்பரால் முன்பம்பரில் கட்டினாள்.

வண்டி பாதி தூரம் கிடுகிடுவென்று ஏறியது. செங்குத்தான இடம் வந்ததும் மூக்கைத் தூக்கியது, இரண்டு காலில் எழும்பும் குதிரை மாதிரி நின்றது, மல்லாக்கக் கவிழ்ந்து உருண்டு அவள் காலடிக்கே வந்து சேர்ந்தது.

அப்போதுதான் தான் செய்த மடத்தனம் புரிந்தது. ஏற்றத்தில் பின்பாரம் வண்டியைப் பின்னுக்கு இழுக்கும், முன்பாரம்தான் கல்லைக் கவ்வும். தன் சொந்த வண்டிக்கு முன்சக்கரத்தில்தானே பாரம் வைத்திருக்கிறாள்! பதற்றத்தில் மூளை ஒதுங்கிக்கொள்ள, கடைப்பழக்கம் வந்து வேலையை முடித்துவிட்டது.

"பாழாப்போன கை!" என்று தன்னையே திட்டிக்கொண்டு பின்சக்கரத்துப் பட்டைகளை நகத்தால் பிய்த்தாள். நகம் கிழிந்தது. முன்சக்கரங்களில் இடம் கிடைத்த பக்கமெல்லாம் அள்ளி அப்பினாள். கோணல் மாணலாக, ஒன்றின் மேல் ஒன்றாக. கடையில் வேறொருவன் இப்படி ஒட்டியிருந்தால் அவன் அன்றைக்குச் சோறு தின்றிருக்க மாட்டான்.

மேலே விசில் சத்தம் மெலிந்துகொண்டே போனது. அவளுக்கு அதுதான் பயமாக இருந்தது.

கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு ஓட்டினாள். அதே செங்குத்து. முன்சக்கரம் தடவியது, நழுவியது, பிடித்தது. பின்பக்கம் காற்றில் ஆடியது. "சாமி, சாமி" என்று பேக்கரிக்காரர் முணுமுணுத்தார். வண்டி இழுத்து இழுத்து மேலேறி, அந்தக் கையிலிருந்து ஒரு சாண் தள்ளி ஒரு கல்லில் முட்டி நின்றது. விரல்கள் நீண்டன, எட்டவில்லை. அவள் ஒரு நூல் பின்னால் எடுத்து, முன்சக்கரத்தைத் திருப்பி, மறுபடி விட்டாள். வண்டி கல்லைத் தாண்டி அவர் உள்ளங்கையிலேயே மூக்குக் குப்புற விழுந்தது.

கை உள்ளே போனது. ஒன்றும் கேட்கவில்லை. அப்புறம் நீளமாக ஒரு மூச்சு. அவள் அப்படியே மண்ணில் உட்கார்ந்துவிட்டாள்.

தீயணைப்புக்காரர்கள் வந்து, பலகை போட்டு, கல்லை நெம்பி அவரைக் கீழே கொண்டுவந்தார்கள். கால் முறிந்திருந்தது. முகமெல்லாம் மாவு பூசினாற்போல் தூசி. ஒரு கையை மட்டும் நெஞ்சோடு இறுக்கி வைத்திருந்தார். அந்தக் கைக்குள், உச்சியில் கவிழ்ந்த அவளுடைய கார் இருந்தது.

"விடுங்க சார், நாங்க வாங்கிக்கறோம்" என்று தீயணைப்புக்காரர்கள் எவ்வளவு சொல்லியும் கொடுக்கவில்லையாம்.

"உயிர் போற நேரத்துல இதை ஏங்க கட்டிப் புடிச்சிருந்தீங்க?" என்று அவள் கத்தினாள்.

அவர் மூச்சு வாங்கிக்கொண்டு அதை அவளிடம் நீட்டினார்.

"நீதானே எடுத்துட்டு வரச் சொன்ன."