வலிக்கும் காலைத் தொட்டபோது

போன கார்த்திகையில் ஒரு மத்தியானம், நாரணாபுரத்தில் எங்கள் வீட்டில் நடந்தது இது. மழை மூட்டத்தில் சரக்கு காயாது என்று பட்டாசுக் கம்பெனியில் எங்களைத் திருப்பி அனுப்பிவிட்டார்கள். மனைவி தீப்பெட்டி ஆபீசுக்குப் போயிருந்தாள். வீட்டில் நானும் என் மகளும்தான்.

மகளுக்கு ரத்தப் புற்றுநோய். மதுரையில் மருந்து ஏற்றிக்கொண்டு வந்தால் சில நாள் கால் குடையும். மாத்திரையோடு, காலை மெல்ல நீவிவிடவும் வார்டு நர்ஸம்மா என் மனைவிக்குச் சொல்லிக்கொடுத்திருந்தார். நான் கிட்டே போனதில்லை. பட்டாசு மருந்து அள்ளுகிற கை. எவ்வளவு கழுவினாலும் ரேகைகளில் வெள்ளி நிறம் இருக்கும்.

அன்று மாத்திரை கொடுத்தும் வலி அடங்கவில்லை. அவள் போர்வையைக் கடித்துக்கொண்டு துடித்தாள். பதறிப்போய்க் காலை இறுக்கிப் பிடித்தேன். வீல் என்று அலறினாள்.

"எப்பா, தொடாதீக!"

கையை எடுத்துவிட்டேன். நர்ஸம்மாவுக்குப் போன் போட்டேன். காய்ச்சல் உண்டா என்று முதலில் கேட்டார். இல்லை என்றேன்.

"மாத்திரை வேலை செய்யக் கொஞ்ச நேரம் ஆகும்ண்ணே. அழுத்திராதீக, ரத்தம் கட்டிக்கிடும். கையக் கழுவிட்டு, சும்மா மேலாப்புல நீவுங்க. அவ வேண்டாம்னா விட்டுருங்க."

சோப்புப் போட்டுக் கழுவிவிட்டு வந்தேன். தொடுவதற்கு முன்னால், என்னையறியாமல் இரும்புக் கட்டிலில் உள்ளங்கையை வைத்து எடுத்தேன். கம்பெனியில் மருந்து அறைக்குள் நுழையும்முன் செம்புத் தகட்டைத் தொட்டுத்தான் போவோம். உடம்பில் இருக்கிற மின்சாரம் இறங்கிவிட வேண்டும். இல்லையென்றால் ஒரு பொறி போதும்.

"என்னப்பா பண்ணுதீக?"

சொன்னேன். அழுகைக்கு நடுவே என்னை முறைத்தாள்.

"நான் என்ன வெடியா?"

"இல்லத்தா. தொடட்டுமா?"

கொஞ்சம் யோசித்துவிட்டுத் தலையாட்டினாள். உரசல் வராமல் மருந்தை அள்ளுவதுபோல, முழங்காலிலிருந்து பாதம்வரை நீவினேன். அவள் முகத்தை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. எப்போது அலறுவாளோ என்று மூச்சைப் பிடித்துக்கொண்டிருந்தேன். வெகுநேரம் கழித்து, போர்வையைப் பற்றியிருந்த விரல்கள் விட்டன.

"போயிருச்சா, தாயி?"

"இல்ல. வலி கொஞ்சம் தள்ளி நிக்கு. நிப்பாட்டிராதீக."

அவளுக்குச் சிகிச்சை இன்னும் முடியவில்லை. வலியைப் போக்குவது மருந்தின் வேலை. அது வந்து சேரும்வரை பிள்ளையைத் தனியாக விடாமலிருப்பது என் வேலை என்று அன்றைக்குத்தான் எனக்குத் தெரிந்தது.