பரிதா பிரித்த தையல்

மேற்குத் தாம்பரத்தில் கார் சீட்டு கிழிந்தால் பரிதாவைத் தேடித்தான் வருவார்கள். வராமல் எங்கே போவார்கள்? குரோம்பேட்டைப் பக்கம் தோல் பை தைக்கும் கம்பெனியில் பதினோரு வருடம் மிஷினே கதியென்று கிடந்தவள். கம்பெனியை இழுத்து மூடியபோது மற்றவர்கள் அழுதார்கள். பரிதா அங்கிருந்த பழைய மிஷின் ஒன்றை வாங்கி வண்டியில் ஏற்றிக்கொண்டு வந்து கடை போட்டாள். பொம்பளை காருக்குள் புகுந்து சீட்டு தைப்பதா என்று நாலு பேர் வாயைப் பிளந்தார்கள். ஆறே மாதத்தில் அந்த நாலு பேரும் தங்கள் வண்டியோடு வாசலில் நின்றார்கள்.

மேடவாக்கத்து அடுக்குமாடி வீட்டில் பூனை பிறாண்டிய சோபாவுக்கு உள்ளே துணி கொடுத்து ஒட்டி, சாயம் குழைத்து நிறம் சேர்த்தாள் என்றால், பிறாண்டிய பூனைக்கே இடம் தெரியாது. கார் சீட்டு என்றால் தடித்த நைலான் நூல், இரட்டைத் தையல். "காரு போவும், சீட்டு போவும், என் தையல் போவாது" என்பாள். தலைக்கனம்தான். இருக்கட்டுமே, உழைத்துச் சம்பாதித்த தலைக்கனம்.

ஒரு செவ்வாய்க்கிழமை காலையில், ஊரப்பாக்கம் மெக்கானிக் சேட்டு ஒரு சீட்டைத் தூக்கிக்கொண்டு வந்து இறக்கினான்.

"லாரிக்காரன் சைடுல வுட்டு நசுக்கிட்டான்க்கா. சீட்டுலேர்ந்து காத்துப் பை வெடிச்சு வந்து ஆளக் காப்பாத்திச்சு. இத்த தச்சுத் தர முடியுமா பாரு."

பரிதா சீட்டைத் திருப்பினாள். பக்கவாட்டில் மேலிருந்து கீழ்வரை திறந்து கிடந்தது. தோல் கிழியவில்லை, நூல் மட்டும் சீராக அறுந்திருந்தது. மிச்சமிருந்த இழையை இழுத்தாள். பட்டென்று வந்துவிட்டது.

"இன்னாடா இது, கம்பெனிக்காரன் இவ்ளோ மட்டமான நூலப் போட்டுக்கீறான்?"

"வேணும்னேதான் போடறான். அந்த எடம் பிரிஞ்சாத்தான் பை வெளிய வரும். கெட்டியா தச்சா உள்ளயே மாட்டிக்கும்."

அறுந்த ஓரத்தில் 'ஏர்பேக்' என்று எழுதிய சின்னத் துணி லேபிள் தொங்கியது. அதைப் பார்த்ததும் பரிதா சீட்டை அப்படியே கீழே வைத்தாள். காட்டாங்குளத்தூரில் கல்லூரி ஆசிரியையாக இருக்கும் கெசியாவின் கார், போன மாதம் இதே இடத்தில் தையல் விட்டு வந்தது. இதே லேபிள்தான். துருத்திக்கொண்டு அசிங்கமாக இருக்கிறதே என்று அதை உள்ளே மடித்துவிட்டு, மேலே இரட்டைத் தையல் ஓட்டியது யார்? சாட்சாத் பரிதாவேதான். கெசியா தடவிப் பார்த்து மெச்சியது வேறு.

போன் போட்டாள். கெசியா வகுப்பில் இருந்தாளோ என்னவோ, எடுக்கவில்லை. கடையைச் சாத்திவிட்டு ரயில் ஏறினாள். அந்தப் பெண் ஒரு மாதமாக இத்தனை லாரிகளுக்கு நடுவில் தினமும் போய் வந்திருக்கிறாள் என்று நினைத்தபடி மறுபடி மறுபடி போன் போட்டாள். சொல்லாமல் விட்டால் யாருக்கும் தெரியப்போவதில்லை என்பதும் புத்திக்கு எட்டாமல் இல்லை. அதற்காகத் தன்னையே நன்றாகத் திட்டிக்கொண்டாள்.

ரயிலை விட்டு இறங்கிக் கல்லூரி வாசலை நெருங்கும்போது கெசியாவே திருப்பி அழைத்தாள். கார் நிறுத்துமிடத்துக்கு வந்தவளிடம் பரிதா மென்று விழுங்காமல் சொன்னாள்.

"நான் தப்பா தச்சுட்டேன் மேடம். இடிச்சா அந்தப் பை வெளிய வராது. இப்பவே பிரிக்கணும்."

கெசியா உடனே கதவைத் திறந்துவிட்டாள். பரிதா மண்டியிட்டுப் பிளேடை வைத்தாள். தையல் லேசில் விடுமா? அவள் போட்டதாயிற்றே. விரல் கீறியது, வியர்வை கண்ணில் இறங்கியது. ஒவ்வொரு கண்ணியாக அறுத்து, லேபிளை வெளியே இழுத்துவிட்ட பிறகுதான் மூச்சு வந்தது. சீட்டு பப்பரப்பா என்று திறந்து கிடந்தது. கிழிந்த சீட்டைக் கண்டாலே கை பரபரக்கிறவள், அதைத் தொடாமல் எழுந்து நின்றாள். அவளுக்கு அது பெருமையாகவே இருந்தது.

"திரும்பத் தைக்கலையாக்கா?" என்றாள் கெசியா.

"இந்த எடத்துல நான் கை வெக்கக் கூடாது. ஷோரூம்ல குடுத்து கம்பெனி கவரே மாத்திக்கங்க. அதுவரைக்கும் இப்படியே கெடக்கட்டும்."

"இதுல யார் கை வச்சதுன்னு அவங்க கேட்டா?"

"பரிதான்னு சொல்லுங்க. பிரிச்சதும் அவதான்னு சேத்துச் சொல்லுங்க."