பாஸ்வேர்ட் போட்ட பிறகும் வெளியே போன வினாத்தாள்

1. மாஸ்டர் வந்த காலை

இலங்கை மலைநாட்டுப் பதுளையில் நான் டிசைனராக இருந்த ஸ்டூடியோவுக்கு ஒரு நாள் காலை விஞ்ஞான டியூஷன் மாஸ்டர் செல்வராஜ் கோபத்தோடு வந்தார். ஓ.எல். பொதுப் பரீட்சை எழுதவிருந்த வகுப்புக்கு அவர் வைத்த மாதிரிப் பரீட்சையின் வினாத்தாளை நான்தான் டைப் செய்து, படங்களும் வரைந்து கொடுத்திருந்தேன். வகுப்பில் பாதிப் பேருக்குக் கேள்விகள் முன்பே தெரிந்திருந்தனவாம்.

"ஒங்க கடையத் தவிர இந்தப் பேப்பர் எங்கயும் போகலைங்க. யாரோ எடுத்துக் குடுத்திருக்காங்க" என்றார்.

முதலாளி யாழ்ப்பாணத்துக்காரர், சத்தம் போடாதவர். என்னைத் திரும்பிப் பார்த்தார்.

"நான் ஒருத்தரிலயும் பழி போடேல்லை, பிள்ளை. ஆனா உம்மட தங்கச்சியும் அந்த வகுப்பிலதானே படிக்கிறா?"

என் தங்கை சுமதிதான் அந்த வகுப்பில் முதலாவது. அதுவே எனக்கு எதிரான சாட்சியானது.

2. எக்ஸ்பிக்கு மாறினோம்

அப்போது எங்களிடம் இருந்தது விண்டோஸ் 98. யார் வந்து உட்கார்ந்தாலும் எந்த ஃபோல்டரையும் திறக்கலாம். எக்ஸ்பி போட்டால் ஆளுக்கொரு பாஸ்வேர்ட் வைக்கலாம், என் ஃபோல்டரை நான் மட்டும் திறக்கலாம் என்று முதலாளியிடம் சொன்னேன்.

"அப்ப நீர் மட்டும்தான் திறப்பீர். அதுவும் எப்பிடிச் சரிவரும்?" என்றவர், அட்மின் பாஸ்வேர்டைத் தன்னிடமே வைத்துக்கொண்டார்.

எக்ஸ்பி வந்ததும் பழைய லேசர் பிரிண்டருக்குச் சரியான டிரைவர் மென்பொருள் கிடைக்கவில்லை. ஸ்க்ரீனில் நன்றாக இருக்கும் தமிழ், தாளில் கொம்பில்லாமல் கட்டம் கட்டமாக விழுந்தது. மாஸ்டரின் அடுத்த வினாத்தாளைப் பிரிண்ட் எடுப்பதும், ஃபொன்டை மாற்றுவதும், திரும்ப எடுப்பதுமாகத் தாள் குவிந்தது. வேலை முடியும் வரை முதலாளி என் முதுகுக்குப் பின்னாலேயே கதிரை போட்டு உட்கார்ந்திருந்தார். நானோ மதியம் சாப்பிடப் போகும்போதெல்லாம் பாஸ்வேர்டை மாற்றினேன். கூட வேலை செய்தவர்கள் என் மேசைப் பக்கம் வந்தாலே ஸ்க்ரீனை மறைத்தேன்.

அப்படியும் அந்த வினாத்தாள் வெளியே போனது. "இந்தத் தடவ ஒரு கேள்வி விடாமப் போயிருக்குங்க!" என்று மாஸ்டர் கத்தினார்.

அவர் போன பிறகு முதலாளி மெதுவாக என்னை வேலையை விட்டு நிற்கச் சொன்னார். "நாளைக்குக் கடைத் திறப்பைக் கொண்டந்து தந்திட்டு நில்லும், பிள்ளை."

3. வடைக்கடை

வீட்டுக்குப் போகும் ஸ்பிரிங்வெளி பஸ்ஸில் வழியெல்லாம் சுமதியைப் பற்றியே நினைத்தேன். என் பையைத் திறந்திருப்பாளோ? வீட்டுக்கு வந்ததும் கேட்டுவிட்டேன்.

"உண்மையச் சொல்லு. எங்கிட்டருந்து ஏதாச்சும் எடுத்தியா?"

அவள் முகம் வெளுத்தது. "நீங்களுமாக்கா? பஸ் ஸ்டாண்டு வடைக்கடையில போய்ப் பாருங்க. வடை சுத்திக் குடுக்குற தாள்லதான் கேள்வி இருக்கு. பிள்ளைங்க எல்லாம் அங்கதான் நிக்குதுங்க. நான் படிச்சு எழுதுனேன்."

"முன்னாடியே ஏன் சொல்லல?"

"சொன்னா வகுப்புல ஒருத்தரும் எங்கூடப் பேச மாட்டாங்க."

மறுநாள் காலை அந்தக் கடையில் இரண்டு வடை வாங்கினேன். எண்ணெய் ஊறிய தாளில் நான் வரைந்த பூவின் குறுக்குவெட்டு. கீழே கொம்பில்லாத தமிழ்.

"இந்தத் தாள் யாருண்ணே தர்றது?"

"ஒங்க மொதலாளி ஐயாதான். தேத்தண்ணி குடிக்க வர்றப்பக் கொண்டாருவாரு. இப்பத்தான் கட்டுக் கட்டா வருது."

மாஸ்டரையும் கூட்டிக்கொண்டு போய், வடையோடு தாளை முதலாளியின் மேசையில் வைத்தேன். அவர் தாளை நீவி விரித்து வெகுநேரம் பார்த்தார்.

"பழுதான தாள்தானே எண்டு குடுத்தனான்" என்றார்.

கடைச் சாவியான திறப்பை நான் நீட்டியபோது வாங்காமல் உள்ளே எழுந்து போனார். மாஸ்டர் தன் வேலையை வேறு கடைக்குக் கொண்டுபோனார்.

சிஸ்டம் மாற்றும் இளையவர்களுக்கு நான் சொல்வது இதுதான். பாஸ்வேர்ட் போடுமுன், அந்த மெஷினிலிருந்து எவையெல்லாம் எந்த வழியாக வெளியே போகின்றன என்று பாருங்கள். பிரிண்டரை, சீடியை, குப்பைக் கூடையைப் பாருங்கள். ஆளைச் சந்தேகிப்பதைக் கடைசிக்கு வையுங்கள். மெஷினைத் திரும்பப் பழைய சிஸ்டத்துக்கு மாற்ற எனக்கு அரை நாள்கூட ஆகவில்லை. ஆனால் சுமதி என்னோடு பழையபடி பேச, அவளுடைய ஓ.எல். முடிவுகள் வரவேண்டியிருந்தது.