மழையில் எடுக்காத கார்

ஓட்டிப் பார்த்தால் சிரிப்பு வரவேண்டும், விலையும் கம்மியாக இருக்கவேண்டும். அப்படிப் பழைய கார் தேடும் பைத்தியம் எனக்கு. ஆம்பூரில் ஒன்று கிடைத்தது. விற்றவர் தோல் தொழிற்சாலையில் தரம் பார்ப்பவர். பேசும்போதெல்லாம், கீறல் தேடுவதுபோலக் கட்டைவிரலால் சீட்டைத் தடவிக்கொண்டே இருந்தார்.

விலை ரொம்பக் கம்மி என்பதால் எனக்குச் சந்தேகம். கதவு, பானட் எல்லாம் தட்டிப் பார்த்துவிட்டுக் கேட்டேன்.

“ஆக்சிடென்ட் எதுனா ஆச்சாங்க?”

“வண்டிக்கு ஆவல சார். இது என் பையனோடது. மழையில எடுத்தா சேறாய்டும்னு அன்னைக்கு பைக்ல போனான். பள்ளிகொண்டாகிட்ட லாரி...”

கட்டைவிரல் நின்றுவிட்டது.

பேரம் பேசாமல் அவர் சொன்ன விலைக்கே வாங்கிக்கொண்டேன். வீட்டில் பைக்கும் இருக்கிறது. ஆனால் மழை வந்தால் அந்தக் காரைத்தான் எடுக்கிறேன். சேறாகட்டும்.